எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?

படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் "எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள். பிடிக்காதவரும் அதையேதான் சொல்வார். கடைக்காரன் முகம் கோணக்கூடாதே என்ற மரியாதை. பதுளை பஸ் நிலையத்தை அடுத்த ஒரு வீடியோ கசெட் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். கசெட் போய் சீடி வந்தது, சீடி போய் பென் டிரைவ் வந்தது. இப்போது ரீலோட்டும் போட்டோ கொப்பியுமாகச் சுருங்கிப்போன அதே கடைக்கு நான் முதலாளி. ஆனால் என் தொழில் மாறவில்லை. எந்த வீட்டில் எந்தப் படம் எடுபடும் என்று கணிக்க வேண்டும். பார்த்தவர் மனதில் கிடப்பதை வாயால் வரவழைக்க வேண்டும். இன்றைக்குப் படம் கொடுப்பது நானல்ல, கைபேசி. என்றாலும் சனிக்கிழமை பின்னேரம் ரீலோட் போட வருகிற சனம், மிச்சக் காசை வாங்கிக்கொண்டே "அண்ணே, என்ன பார்க்கலாம்?" என்று கேட்காமல் போவதில்லை.

கசெட் காலத்தில் யாருடைய வாயையும் கிண்ட வேண்டியிருக்கவில்லை. 'பார்த்து முடிந்ததும் ரீவைண்ட் செய்து தரவும்' என்று ஒவ்வொரு உறையிலும் எழுதி ஒட்டியிருந்தோம். பாதிப் பேர் செய்யமாட்டார்கள். முதலாளி திட்டுவார், எனக்கோ அதுதான் வேண்டியிருந்தது. கசெட்டின் சின்னச் சன்னல் வழியே பார்த்தால் இரண்டு சுருளில் எது பருத்திருக்கிறது என்று தெரியும். மூன்று மணி நேரக் கசெட்டில் இடது சுருள் இன்னும் கனத்துக் கிடந்தால், "அருமையான படம் தம்பி" என்று அவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், இடைவேளைக்கு முன்பே அந்த வீடு தூங்கிவிட்டது.

நாடாவிலேயே இன்னொரு சாட்சியும் இருந்தது. டெக்குக்குள் ஓர் உருளை நிமிடத்துக்கு 1,500 தரம் சுழலும். அதன் விளிம்பில் பதித்த 'ஹெட்'தான் நாடாவைப் படிக்கிறது. படம் ஓடும்போது நாடா நகர்ந்துகொண்டே இருப்பதால் மோசமில்லை. 'போஸ்' அமுக்கினால் நாடா நின்றுவிடும், உருளை நிற்காது. ஒரே இடம் உராய்ந்து தேயும். பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தாலும் அதே கதிதான். அடுத்த வீட்டில் போடும்போது அந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள் மின்னும். வாடிக்கையாளர் அதைப் பழுது என்பார். எனக்கு அது ஊரின் கருத்து. 'பாட்ஷா' (1995) கசெட்டில் ரஜினி திருப்பி அடிக்கிற இடத்தில்தான் கோடு விழும் என்று எவரும் நினைப்பார்கள். விழுந்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், கம்பத்தில் கட்டிவைத்து அடிக்க அடிக்க அவர் கையை ஓங்காமல் நிற்கும் காட்சியிலும் அதே அளவுக்குக் கோடு இருந்தது. அடி வாங்குகிற காட்சியை எதற்கையா ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வரப் பழகிய பிறகுதான் புரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கை ஓங்காமல் நின்ற சனம் அது. அப்படி நிற்கிறவன் உள்ளுக்குள் யார் என்பது அவர்களுக்கு அவசியமான கேள்வி.



அந்த நாட்களில் ஸ்பிரிங்வெளி, பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. சடங்கு, கலியாணம், கோயில் திருவிழா என்றால் டீவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் ஏற்றிக்கொண்டு போவோம். லயத்து வாசலில் மேசை போட்டு, விடிய விடிய மூன்று படம், சில இடத்தில் நான்கு. டெக்கைக் கவனிக்க நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே படத்தை எத்தனை தரம் பார்ப்பது? டீவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சனத்தைப் பார்ப்பேன். நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். சண்டைக் காட்சியில் பீடி பற்றவைக்கப் போகிற ஆண்கள் இருக்கிறார்கள். சண்டை அவர்களுக்கு இடைவேளை. கதாநாயகி அழும்போது பெண்கள் அழுவதில்லை, பக்கத்தில் நிற்கிற மாமியார் பாத்திரம் வாய் திறக்கும்போதுதான் முந்தானை கண்ணுக்குப் போகும். வேலைக்கு ஆளெடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டிய காலை என்று தெரிந்தும் நான்காவது படத்தின் முடிவு வரை இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இளசுகள் இரண்டாவது படத்திலேயே கம்பளிக்குள் சுருண்டுவிடும்.

இப்போது சனம் ஓரிடத்தில் கூடுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் அப்பா, அம்மா, மருமகள், பிள்ளைகள், படுக்கையில் ஒரு பாட்டி. எல்லாரும் ஒரே திரையைப் பார்த்தாக வேண்டும், எழும்பி ஒதுங்க இன்னொரு அறை கிடையாது. ஆகவே இங்கே ஒரு படத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது நடிப்பையோ இசையையோ பற்றி அல்ல, யாரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பதைத்தான். பத்திரிகை விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அவர்கள் இருட்டான கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறார்கள் போலும். மாமனாரும் மருமகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் வீட்டில், இரண்டு நிமிடக் காட்சி ஒன்று அந்த வீட்டு முழு இரவையும் கெடுத்துவிடும். "அக்கா, ஒரு மணி நேரம் கழிச்சு பாட்டுக்கு முந்தி ஒரு சீன் வருது. அந்த நேரம் பிள்ளைகளைத் தேத்தண்ணி எடுத்தாரச் சொல்லுங்க." நான் தருகிற விமர்சனத்தில் இதற்கு மேல் பயனுள்ள வாக்கியம் எதுவுமில்லை.

பார்த்துவிட்டு வந்தவரிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. எந்த இடத்துல நிப்பாட்டினீங்க? யார் எந்த இடத்துல எழும்பிப் போனாங்க? கசெட் சொன்னதை இப்போது ஆள் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படம் 2021 இல் வந்தபோது, ஹாலிஎல பக்கத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுக்குச் சொல்லிவிட்டிருந்தேன். வசனம் குறைவு, பாஷை தெரியாவிட்டாலும் பார்க்கலாம் என்றேன். அடுத்த கிழமை வந்தார். அவர் வீட்டு மாமா எந்த இடத்தில் எழும்பிப் போனார் என்று கேட்டேன். "சாப்பிட்டு மென்னு துப்பினதையெல்லாம் மேசையிலயே போட்டுட்டுப் போவானுங்கல்ல, அந்த மேசையக் காட்டினப்ப எழும்பி வெளிய போய்ட்டாரு" என்றார். சரி, படம் தைத்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் அதோடு விடவில்லை. "ஆனா தம்பி, அந்தப் பிள்ளைக்கு வெளி வேல இல்லயே. நாலு மணிக்கு எழும்பி அடுப்பப் பத்த வச்சு, ரொட்டியத் தட்டி, சம்பல அரைச்சு, பிறகு மலைக்குப் போய் கிலோக் கணக்குக் குடுத்துட்டு வந்து திரும்ப அதே அடுப்பு. அந்தப் பிள்ள கோவிச்சுக்கிட்டு வெளிய வந்து கார்ல போகுது. நான் வெளிய வந்தா மலைக்குத்தானே போகணும்?" அந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த எழுத்து எதிலும் இந்தக் கேள்வி இருக்கவில்லை. படத்தை அவர் குறை சொல்லவில்லை. படம் எங்கே நின்றுவிடுகிறது என்று காட்டினார்.

பாலாவின் 'பரதேசி' 2013 இல் வந்தபோது டீவீடிக்கு அடிபிடி. அதர்வா, வேதிகா என்ற பேருக்காக அல்ல. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போன கதை என்று செய்தி பரவியிருந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை அடிப்படையாகக் கொண்ட படம் அது, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. வால்பாறைப் பக்கத்துக் கதை என்று சொல்லியும் எங்கள் ஆட்கள் கேட்கவில்லை. "கங்காணின்னா எல்லா மலைக்கும் ஒரே கங்காணிதான்" என்றார் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற ஒரு மாமா.

அந்த மாமா நிறுத்திய இடத்தைச் சொல்கிறேன். ஆள்கட்டு மலையை நோக்கிப் போகும் நடையில் அவர் நிறுத்தவில்லை. வழியில் விழுந்தவனை விட்டுவிட்டுப் போகிற காட்சி எல்லாரையும் உலுக்கியது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்த கதையைப் பாட்டன்மார் சொல்லிக் கேட்டவர்கள் இவர்கள். மாமாவை உலுக்கியது கணக்குப் பார்க்கும் காட்சி. உழைத்த கூலியில் அதற்கு இதற்கு என்று கழித்து, கடைசியில் இவன்தான் பாக்கிக்காரன் என்று சொல்லி மறுபடியும் மலைக்கே அனுப்புகிறார்கள். மாமா அந்த இடத்தில் நிறுத்தி, பேரனைக் கூப்பிட்டு, தன் தாத்தா காலத்துத் 'துண்டு' பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாராம். தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய கடதாசி அது. அடுத்த தோட்டத்துக்காரன் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். இலங்கையில் அந்த முறை 1921 இல் சட்டப்படி ஒழிந்தது. படம் நடப்பதோ 1939 இல். "அங்க இன்னும் இருந்திருக்கு பாத்தியா" என்றார் மாமா, ஏதோ நாங்கள் முந்திக்கொண்டோம் என்பது போல. அன்றிரவு மிச்சப் படத்தை அவர்கள் பார்க்கவில்லை. கதை சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

அதே படத்தைத் திட்டிக்கொண்டு டீவீடியைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பிற்பகுதியில் ஒரு மருத்துவர் வருகிறார். நோயில் கிடக்கிற சனத்தின் நடுவே மதப் பிரசாரம் ஆட்டமும் பாட்டுமாக நடக்கிறது. பண்டாரவளைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று அந்த இடத்தில் நிறுத்தியது. "எங்க பிள்ளைங்க நாலு எழுத்துப் படிச்சது பாதிரிமார் வச்ச பள்ளிக்கூடத்துல. இப்பிடியா காட்டுறது?" என்றார் அந்த வீட்டுத் தாத்தா. நாவலை எழுதியவரே ஒரு கிறிஸ்தவ மருத்துவர்தான் என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் இரட்டிப்பானது. கருத்து என்ற முறையில் அவர் பக்கம்தான் நியாயம் என்பேன். கங்காணியை அத்தனை நுணுக்கமாகப் பார்த்த படம், அந்த மருத்துவரைத் தூரத்திலிருந்து கேலிச்சித்திரமாகப் பார்த்துவிட்டது.

மாமாவும் தாத்தாவும் 'பரதேசி'யை எடைபோட்ட தராசு எங்கிருந்து வந்தது என்றும் ஒரு தடவை விசாரித்தேன். இருவருமே இளந்தாரிகளாக இருந்தபோது 'புதிய காற்று' (1975) பார்த்தவர்கள். வி.பி. கணேசன் தயாரித்து நடித்த மலையகப் படம். அதற்குக் கதை வசனம் எழுதிய தெளிவத்தை ஜோசப் இங்கே ஹாலிஎல பக்கம் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் படத்தின் கசெட்டோ டீவீடியோ என் கடைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அவர்கள் பார்த்ததும் ஒரே ஒரு தரம். ஆனால் கொழுந்து மடுவத்தில் யார் எங்கே நின்றார், தொழிற்சங்கக் கூட்டத்தில் யார் வாயைப் பொத்திக்கொண்டார் என்று நேற்றுப் பார்த்த மாதிரிச் சொன்னார்கள். எவ்வளவு சரி, எவ்வளவு அவர்களாகவே சேர்த்தது என்று ஒப்புப் பார்க்க வழியில்லை. பத்துத் தரம் ஓட்டிப் பார்க்க முடியாத காலத்துக் கண் வேறு. ஒரு தடவைக்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாக வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

இன்றைய பெடியன்களிடம் எனக்குள்ள சண்டை இங்கேதான். படம் பார்ப்பதற்கு முன்பே யூடியூப்பில் மூன்று பேர் சொன்ன கருத்தைக் கேட்டுவிடுகிறார்கள். பிறகு படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். என்னிடம் வந்து "செகண்ட் ஹாஃப் லாக் அண்ணே" என்கிறார்கள். எந்தக் காட்சி என்று கேட்டால் முழி பிதுங்கும். ஒரு காட்சியைக் கையில் பிடித்துக் காட்ட முடியாதவர் சொல்வதை நான் கருத்தாகக் கணக்கெடுப்பதில்லை. அது எங்கேயோ கேட்ட செய்தி. பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிடிக்காமல் போன இடத்தைக் காட்டட்டும். காட்டத் தொடங்கினால் பாதி நேரம் அவர்களே கருத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

சீரியல் விஷயம் வேறு. அதில் கருத்து கிடையாது, தினமும் வழக்குத்தான். 'எதிர்நீச்சல்' குணசேகரனை இந்தப் பக்கத்துப் பெண்கள் ஒரு வருஷத்துக்கு மேலாக வாயாரத் திட்டித் தீர்த்தார்கள். அந்த வேடம் போட்ட மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 அன்று இறந்தபோது, அதே பெண்கள் என் கடை வாசலில் நின்று கண் கலங்கினார்கள். வேறொருவர் அந்த வேடத்தில் வந்ததும், "இவருக்குத் திட்டு வாங்கத் தெரியல" என்று ஒரு சின்னம்மா தீர்ப்புச் சொன்னார். ஒரு நடிகருக்கு அதைவிடப் பெரிய புகழ்மொழி இருக்க முடியாது.

மெதுவாகப் போகிற படத்தை எப்படிச் சொல்வது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது மின்வெட்டு. 2022 பெப்ரவரியில் மணிகண்டனின் 'கடைசி விவசாயி' வந்தது. மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. ஒரு படத்தை ஒரே மூச்சில் பார்க்க யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. நல்லாண்டி என்ற நிஜ விவசாயி நடித்த படம். படம் வெளிவருமுன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிறகு தேசிய விருதில் அவர் பெயரைச் சிறப்பாகக் குறிப்பிட்டார்கள். இதை எப்படி விற்பது? "நடுவுல தூக்கம் வந்தா தூங்குங்க, கரண்ட் போனாலும் போகட்டும். திரும்ப வந்து பாத்தா பெரியவர் அதே வயல்லதான் நிப்பாரு" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று இரவாகப் பார்த்த வீடுகள் உண்டு. அப்படிப் பார்த்தவர்களுக்குத்தான் படம் பிடித்தது. மயிலைக் கொன்றார் என்று பெரியவரைச் சிறையில் போட்டுவிட்டு, அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் பொலிஸ்காரரை அனுப்புகிறார் அல்லவா நீதிபதி, அந்த இடத்தில் கரண்ட் போன வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடந்திருக்கிறது, அப்படி ஒரு நீதிபதி உலகத்தில் இருக்க முடியுமா என்று. தடையில்லாமல் பார்த்திருந்தால் அந்த விவாதம் வந்திருக்காது.

மாரி செல்வராஜின் 'வாழை' 2024 ஓகஸ்டில் வந்த நேரமும் அப்படி அமைந்தது. அந்த வருஷ மே தினத்தில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,700 என்றார்கள். அது நீதிமன்றம் வரை இழுபட்டு, செப்டெம்பரில் 1,350 இல் வந்து நின்றது. படத்தில் வாழைத்தார் சுமக்கிற சனம் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறது. கூட்டிக் கொடுத்தவன் அந்தக் காசை வேறு வழியில் பிடித்துக்கொள்கிறான்: ஆட்களைத் தனி வண்டியில் ஏற்றாமல், தார் ஏற்றிய லொறியின் மேலேயே ஏற்றிவிடுகிறான். பையனின் டீச்சர் காதல், ரஜினி–கமல் சண்டை எல்லாம் பார்த்துச் சிரித்த வீடுகள் அந்த லொறியைக் கண்டதும் அடங்கிப் போயின என்று கேள்விப்பட்டேன். முடிவை நான் யாருக்கும் சொல்லவில்லை. தோட்டத்து லொறியில் போய்ப் பழகியவர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதுமில்லை.

அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டதில் சிறந்த கருத்து நமுனுகுலைப் பக்கத்து ஓர் அக்காவுடையது. தார் சுமக்கிறவர்களின் கழுத்தைப் பார்த்தீர்களா என்று அவர்தான் என்னைக் கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. "மூஞ்சியில நடிக்கலாம் தம்பி, கழுத்துல நடிக்க ஏலாது. அந்தப் பொடியன் முதல்ல தூக்கும்போது கழுத்த உள்ள இழுக்குறான். பழகினவங்க கழுத்த இழுக்க மாட்டாங்க, நெஞ்ச நிமித்திக் குடுப்பாங்க. நாங்க கூடைக் கயித்தத் தலையில மாட்டுற மாதிரி." திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் முகங்களைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. இப்போது யாருக்காவது 'வாழை' சொன்னால் கதையைச் சொல்வதில்லை, கழுத்தைப் பாருங்கள் என்கிறேன். பார்க்கிறவருக்கு ஓர் இடத்தைச் சுட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அவரே தேடிக்கொள்வார்.

போன வருஷம், 2025 மே மாதம், 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. சசிகுமார், சிம்ரன், நெருக்கடிக் காலத்தில் இலங்கையை விட்டுப் படகேறி இராமேஸ்வரம் போகிற குடும்பம். வீட்டோடு உட்கார்ந்து சிரிக்கலாம், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒருவரும் எழும்பத் தேவையில்லை. அந்த வகையில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்கு அளந்து தைத்த படம். அயலவர் முகம் பார்க்காத தெருவில் ஒரு சாவு விழ, புதிதாக வந்த இந்தக் குடும்பம் ஊரைக் கூட்டுகிறதே, அந்த இடத்தில் பல வீட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். "நம்ம லயத்துல இதுக்கு யாரும் சொல்லணுமா? சங்கு சத்தம் கேட்டா அடுப்பு அணைஞ்சிரும்" என்று பெருமை பேச.

ஆனால் எனக்குக் கிடைத்த இரண்டு கருத்துகள் தயாரிப்பாளர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஒன்று பேச்சைப் பற்றி. "இலங்கைப் படம்னாங்க, யாழ்ப்பாணப் பேச்சா இருக்கே, நம்ம பேச்ச எங்க?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். லட்சக்கணக்கில் இருக்கிற மலையகச் சனத்தின் பேச்சு தமிழ்நாட்டுத் திரையில் 'இலங்கைத் தமிழ்' என்று ஒருபோதும் கேட்பதில்லை. நாங்கள் பேசினால் அவர்கள் காதுக்கு அது மதுரையோ திருச்சியோ ஆகிவிடும். மற்றது இராமேஸ்வரத்தைப் பற்றி. லுணுகலையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, படகு கரை சேர்கிற முதல் காட்சியிலேயே நிறுத்திவிட்டார். தோட்டச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இறங்கியது அதே இராமேஸ்வரத்தில். கையில் இந்தியப் பாஸ்போர்ட், தகரப் பெட்டி, கோத்தகிரியில் திரும்பவும் தேயிலை. "களவா போன இந்தக் குடும்பத்தத் தெருவே தூக்கி வச்சிக் கொண்டாடுது. எங்கண்ணன் சட்டப்படி போனாரு. சாகும் வரைக்கும் அங்க அவரு 'சிலோன்காரன்'தான்." பிறகு மகள் வற்புறுத்தி மிச்சப் படத்தையும் பார்த்தாராம். சிரித்தாராம். "படத்துக்கு நல்ல மனசு" என்றார் என்னிடம். முதல் காட்சியில் நிறுத்தியதையும் கடைசியில் சிரித்ததையும் ஒன்றாக வைத்துத்தான் நான் அவர் கருத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது.

பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023) பற்றி மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. புசானில் கிம் ஜிசோக் விருது வாங்கிய படம். 2022 நெருக்கடியில் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் இந்தியத் தம்பதி, அவர்கள் பொருட்கள் களவு போக, பொலிஸார் பக்கத்துத் தமிழ் இளைஞர்களைப் பிடித்துவந்து அடிக்கிறார்கள். இதைக் கேட்கிறவரிடம், பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள், மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான் என்றால் அன்றைக்குப் பார்க்க வேண்டாம், இன்னொரு நாள் பாருங்கள் என்று சொல்கிறேன். போன கிழமை இதைப் பார்த்த இருவர் ஒரே நேரத்தில் கடையில் அகப்பட்டார்கள். கொழும்பிலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒரு தம்பி, இது நம்ம படம் என்றான்; பொலிஸ் நிலையத்தில் நடக்கிறதை இவ்வளவு துணிச்சலாக ஒரு சிங்கள இயக்குநர் காட்டியிருக்கிறார், வேறென்ன வேண்டும் என்றான். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா தலையை ஆட்டினார். "ஊரு நம்ம ஊரு, அடி நம்ம அடி. பாக்குற கண்ணு மட்டும் வந்தவங்களோட கண்ணு. அந்தப் பொம்பளைக்கு மனசு வலிக்குதா இல்லையாங்கிறதுதான் கதையா இருக்கு. அடி வாங்கினவன் வீட்டுக்குள்ள கேமரா எத்தன நிமிஷம் போச்சு?"

தம்பி மடக்கினான்: வந்தவர்களுடைய கண்ணால் காட்டியதால்தான் வந்தவர்களுடைய குற்றம் தெரிகிறது, நம் வீட்டுக்குள் போயிருந்தால் அழுகைப் படமாகியிருக்கும். நல்ல பதில். ஐயாவின் கேள்வியும் நல்ல கேள்வி. எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படுகிறது. ஆகையால் வழக்கமானதையே சொன்னேன்: ரெண்டு பேரும் அவங்கவங்க சீனைக் காட்டுங்க. தம்பி கைபேசியை எடுத்து மேசையில் சாய்த்துவைத்து, ஐயாவுக்கு முக்காலியை இழுத்துப் போட்டான். படம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"டேட்டா முடிஞ்சிருச்சு அண்ணே" என்றான். "ஒரு ரீலோட் போடுங்க."

காசு நான்தான் கொடுக்க வேண்டும் என்று ஐயா தீர்ப்புச் சொன்னார்.